காபிக்கு ஏற்ற தண்ணீர்

காலை ஆறேகால் மணிக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பேரைக் கொண்டுவந்து இந்த வாசலில் நிறுத்தினான் தலையாரி சிங்காரம். இதோ, நீங்கள் செருப்பைக் கழற்றினீர்களே, அதே இடம். புயல் அப்போதுதான் கரையைக் கடந்திருந்தது. மழை விட்டபாடில்லை. ஒருத்தன் தோளில் ஆட்டுக்குட்டி. ஒருத்தி இடுப்பில் குழந்தை, கையில் கோழி. எல்லார் காலிலும் முழங்கால்வரை சேறு. அதோடு இந்தப் படியில் ஏறுகிறார்கள்.

உட்காருங்கள் சார். அம்மா, நீங்களும் உட்காருங்கள். காபி வரும். மண்டபத்தைச் சுற்றிப் பார்ப்பது பிறகு இருக்கட்டும். இங்கே முகாம் நடந்ததாமே, வியாதி வந்ததாமே என்று கேட்டீர்கள். வெளியில் யாராவது ஒன்றுக்குப் பத்தாகச் சொல்வதற்குள் மேனேஜர் நானே சொல்லிவிடுகிறேன். போன கார்த்திகைப் புயலுக்கு இங்கே முகாம் நடந்தது உண்மை. வியாதி வந்ததும் உண்மை. யாரால் வந்தது என்பதுதான் விஷயம். பெண்ணுக்கு மண்டபம் பார்க்க வந்தவர்கள் இதையெல்லாம் கேட்கத்தான் வேண்டும். கேட்காமல் அட்வான்ஸை நீட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

"ஐயா, கதவத் தெறங்க. தாசில்தார் சொல்லிட்டாங்க" என்றான் சிங்காரம்.

"எந்தத் தெரு ஆளுங்க?"

"கீழத்தெரு, உப்பளத்தெரு ரெண்டும். ஒரு வூடு நிக்கலைங்க."

நீங்கள் மன்னார்குடிப் பக்கம் என்றீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மண்டபம் கட்டின நாளிலிருந்து அந்தத் தெருக்களிலிருந்து ஒருத்தர் கல்யாணம் என்று இந்தப் படி ஏறியதில்லை. நாங்கள் வேண்டாம் என்று சொன்னதில்லை, அவர்கள் கேட்டதில்லை. அவர்களுக்குக் கோயில் வாசலிலேயே முடிந்துவிடும். இப்போது அரசாங்கம் சொல்கிறது, திற என்று. முதலாளி கோயம்புத்தூரில் இருக்கிறார். போன் கிடைத்தபோது அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "தில்லைநாயகம், ரூமெல்லாம் பத்திரம்." அதை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். மனிதர் என்னை நம்பிச் சொன்ன வார்த்தை.

ஹாலை மட்டும் திறந்தேன். நாற்காலிகளை மேடையில் அடுக்கிக் கயிறு கட்டினேன். சிவப்புக் கம்பளத்தைச் சுருட்டி மாடிக்கு ஏற்றினேன். மாடியில் எட்டு அறை, கீழே மணமகள் அறை, எல்லாவற்றையும் பூட்டிச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

நாற்றம் என்றால் என்ன என்று அந்தக் கார்த்திகையில்தான் எனக்குத் தெரிந்தது சார். ஈரச் சாக்கு, ஈர ஆடு, கக்கின பால், உடம்பிலேயே நனைந்து உடம்பிலேயே காய்ந்த துணி. கரண்ட் இல்லை, மின்விசிறி இல்லை. ஜெனரேட்டரை மோட்டாருக்கும் மைக்குக்கும் மட்டும்தான் ஓட்டினேன். அத்தனை பேர் விட்ட மூச்சையே அத்தனை பேரும் இழுத்துக்கொண்டு கிடந்தார்கள். சந்தனம் தெளிக்கிற ஹால். நான் வேஷ்டி முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டேதான் நடமாடினேன். என் மனைவி வேதவல்லி திட்டினாள். "அவங்க பாக்கறாங்க, கைய எடுங்க." பார்த்தால் என்ன? நாற்றத்தைக் கொண்டுவந்தவர்களுக்கு நான் மூக்கைப் பொத்துவது தெரிந்தால் என்ன?

கழிப்பறை இல்லையா என்று கேட்பீர்கள். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் ஆறு கழிப்பறை இருக்கிறது. அன்று மத்தியானத்துக்குள் ஆறும் அடைத்துக்கொண்டது. பின்பக்கத்து செப்டிக் டேங்க் வெள்ளத்தில் முழுகியிருந்ததால் அடைத்தது என்று பிறகு முகாமுக்கு வந்த டாக்டரம்மா சொன்னார். டேங்க் முழுகினால் சுவரிலா கையைத் துடைப்பார்கள்? நான் ஆறையும் பூட்டிவிட்டேன். மாடி அறைகளிலும் மணமகள் அறையிலும் கழிப்பறை உண்டு. அதற்கெல்லாம் முன்பக்கம் மேட்டில் தனி டேங்க். அது முழுகவில்லை, நன்றாகவே இருந்தது. அதனால்தான் அதை நான் திறக்கவில்லை. நன்றாக இருப்பதையாவது காப்பாற்ற வேண்டுமா இல்லையா?

பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? பின்பக்கம் முழங்கால் தண்ணீர் நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு அதில் இறங்கிப் போக ஆரம்பித்தார்கள். ஆணும் பெண்ணும், பட்டப்பகலில், கிணற்றடிக்குப் பக்கத்தில். சொல்லவே வாய் கூசுகிறது. அம்மா மன்னிக்க வேண்டும். மனிதர்கள் இப்படியும் இருப்பார்களா என்று நான் வேதவல்லியிடம் கேட்டேன். "வேற எங்க போவாங்க?" என்றாள் அவள். அவள் எப்போதும் இப்படித்தான் ஏதாவது கேட்பாள்.

காபி வந்துவிட்டது. எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காபியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். நம் மண்டபத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே இதுதான். இந்தக் கரையோரம் எங்கே தோண்டினாலும் உப்புக் கரிக்கும். நம் கிணறு ஒன்றுதான் தித்திப்பு. மோட்டார் வைத்து மாடித் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து சமையலறைக்கும் எல்லாக் குழாய்க்கும் விடுகிறோம். எந்தச் சமையல்காரர் வந்தாலும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்துப் பார்ப்பார். "இந்தத் தண்ணிக்குக் காபி தானா வரும்" என்பார்.

சில வருஷம் முன்னால் ஒரு கல்யாணத்தில் பஞ்சாயத்து ஆள் ஒருத்தன் எனக்குத் தெரியாமல் மாடிக்கு ஏறித் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டான். விடியற்காலைக் காபி. மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரு வாய் குடித்தார், டம்ளரைக் கீழே வைத்தார். "என்னய்யா இது, ஆஸ்பத்திரி வராந்தாவக் கழுவி ஊத்துனாப்ல இருக்கு?" அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஒருத்தரும் காபியைத் தொடவில்லை. பெண்ணின் அப்பா கூப்பின கையை எடுக்காமல் பந்திக்குப் பந்தி போய் நின்றார். தாலி கட்டும்வரை சம்பந்தி வீட்டு முகத்தில் சிரிப்பில்லை. நீங்களும் பெண்ணைப் பெற்றவர், அந்த வலி உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு முடிவு செய்தேன். நான் இருக்கிறவரைக்கும் அந்தத் தொட்டியில் பவுடர் விழாது.

முகாம் ஆரம்பித்த பிறகு சுகாதாரத் துறையிலிருந்து எட்டு மூட்டை பவுடர் இறக்கினார்கள். நான் சொல்வதைக் கேளுங்கள், அதில் ஒரு பிடி வீணாகவில்லை. வாய்க்காலில் ஆடும் மாடும் வயிறு ஊதி மிதந்துகொண்டிருந்தன. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் சோறு இறங்காது. சிங்காரத்தை விட்டு, முகாம் ஆண்களில் தெம்பானவர்களைத் திரட்டி, எல்லாவற்றையும் இழுத்துக் குழியில் போடச் சொன்னேன். முணுமுணுத்தார்கள். வேலை செய்யாமல் சோறு மட்டும் வேண்டுமா? ஒவ்வொரு குழிக்கும் தாராளமாகப் பவுடர். நாற்றம் அடங்கியது. நாற்றம் அடங்கினால் வியாதி அடங்கியது என்று அர்த்தம்.

அந்த டாக்டரம்மா அதற்கும் ஒரு பேச்சு வைத்திருந்தார். பெயர் ஜுலைஹா. வயது முப்பது இருக்காது. வேனில் வந்து இறங்கி, மேடையில் ஏறி, கல்யாணத்துக்கு நாதஸ்வரக்காரர்கள் வைக்கிற மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார். தகரம் கிழித்தவர்கள் ஊசி போட்டுக்கொள்ளணும். சேற்றுத் தண்ணீரில் நடந்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம், உடனே சொல்லணும். விழுந்த தென்னை மட்டையில் தண்ணீர் தேங்க விடக்கூடாது. குழந்தைகளுக்கு அம்மை கண்டால் சாமி என்று வேப்பிலையைச் செருகி மறைக்கக்கூடாது, இத்தனை பேர் ஒரே கூரையில் படுத்தால் ஒரு குழந்தையிடமிருந்து எல்லாக் குழந்தைக்கும் போகும். புயல் கொன்றது போதும், புயலுக்குப் பின்னால் வருவதற்கு ஆள் கொடுக்காதீர்கள் என்றார். நல்லதுதான். நானும் தலையாட்டினேன்.

கீழே இறங்கி வந்து என்னிடம், "சார், பவுடரெல்லாம் ஆட்டுக்குழிக்கா போகுது?" என்றார்.

"பின்ன, செத்ததுலேருந்துதானே டாக்டரம்மா தொத்து கிளம்பும்?"

"செத்த ஆடு இனிமே ஒருத்தரையும் ஒண்ணும் பண்ணாது சார். நாத்தம் வேற, நோய் வேற. உயிரோட இருக்கறவங்க வாய்க்குள்ள என்ன போகுதுன்னு பாருங்க. முதல்ல அந்த மாடித் தொட்டி. தினம் தண்ணி ஏத்தறப்ப பவுடர் கலந்தாகணும். கிணறு முழுகிப் போயிருக்கு, சுத்தி என்ன நடக்குதுன்னு நீங்களே பாக்கறீங்க. ரூமைத் திறந்து விடுங்க, கக்கூசுக்கும் வழி ஆயிடும்."

தண்ணீரைப் பற்றிச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். ரூமைத் திற என்று சொல்ல இவர் யார்? முதலாளியா? "பார்க்கலாம்" என்றேன்.

இதற்கு நடுவில் பெரிய அதிகாரி ஒருத்தர் பார்வையிட வருகிறார் என்று தகவல். நான் சும்மா இருப்பேனா? கொட்டாங்கச்சியில் பவுடரை அள்ளி, நூல் பிடித்து, வாசல் வளைவிலிருந்து படிவரைக்கும் இரண்டு பக்கமும் வெள்ளைக்கோடு போட்டேன். மழையில் கரைந்தால் மறுபடி போட்டேன். கல்யாணத்துக்குப் போடுவதுபோலவே இருந்தது. அதிகாரி காரை விட்டு இறங்கி அந்தக் கோட்டுக்கு நடுவில் நடந்து வந்தார். மூச்சை இழுத்துப் பார்த்தார். பவுடர் வாடை கும்மென்று அடித்தது. "குட். நல்லா மெயின்டெயின் பண்றீங்க" என்றார். போட்டோ எடுத்தார்கள். நான் அவருக்கு இடது பக்கம் நிற்கிறேன்.

அவர் போன பிறகு, காத்தாயி என்று ஒருத்தி, உப்பளத்தில் உப்பு வாருகிறவள், அவளுக்கு நாக்கு நீளம், படியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறாள், "மேனேஜரையா, கோலம் நல்லாருக்கு. ஓரத்துல ரெண்டு பூவும் போட்டு வுட்டீங்கன்னா, பேதி அந்தாண்டையே நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போயிடும்." கூட இருந்ததெல்லாம் சிரித்தது. சோறு போடுகிற இடத்தில் என்ன திமிர் பாருங்கள். நானும் விடவில்லை. "நீ அந்தாண்ட நின்னா போதும், பேதி தானா ஓடிடும்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அவளே சிரித்தாள்.

தொட்டி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். டாக்டரம்மா தினமும் கேட்டார், நானும் தினமும் "போட்டாச்சு" என்றேன். அவரிடம் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் இருந்தது. அதில் தண்ணீர் பிடித்து ஒரு சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாக மாற வேண்டும், மாறினால் தண்ணீரில் பவுடர் இருக்கிறது என்று கணக்கு. லாரியில் எப்போதாவது கொஞ்சம் தண்ணீர் வரும், அதில் அவர்களே மருந்து போட்டு அனுப்புவார்கள். அதில் ஒரு சொம்பு எடுத்து வைத்துக்கொண்டு, "இதோ நம்ம தொட்டித் தண்ணி" என்று நீட்டினேன். மஞ்சளாயிற்று. தொட்டி மூடிமேல் ஒரு கை பவுடர் தூவியும் வைத்தேன், யாராவது மாடிக்கு ஏறினால் வாடை வரட்டும் என்று. இந்த வேலையில் இருந்தால் இந்தச் சாமர்த்தியமெல்லாம் வேண்டும் சார். இல்லாவிட்டால் தையில் வருகிற கல்யாணத்துக்கு யார் பதில் சொல்வது? பவுடர் வாடை ஒரு தடவை தொட்டிச் சுவரில் ஏறினால் லேசில் போகாது.

வேதவல்லியும் கேட்டாள். "ஏங்க, தொட்டியில போட்டீங்களா?"

"போட்டாச்சு."

"வாடையே இல்லையே?"

"அளவாப் போட்டா வாடை வராது."

நம்பினாள். புருஷன் சொன்னால் நம்புகிறவள். அதற்குப் பிறகு லாரிக்காகக் குடத்தோடு காத்து நிற்கிறவர்களையெல்லாம் அவளே கூப்பிட்டாள். "ஏன் வெயில்ல நிக்கறீங்க, நம்ம குழாயிலயே புடிங்க. மருந்து போட்ட தண்ணிதான், நல்ல தண்ணி." குழந்தைகளுக்கு அவளே டம்ளரில் பிடித்துக் கொடுப்பாள். அவளும் வேலைக்கு நடுவில் குழாயைத் திறந்து கையால் ஏந்திக் குடிப்பாள். நம் தண்ணீரின் ருசி அப்படி.

முதலில் ஒரு கிழவருக்குப் போயிற்று. இலவசச் சோறு, அளவு தெரியாமல் தின்றிருப்பார் என்று நினைத்தேன். வெளியில் தெரிய வேண்டாம் என்று ஆட்டோ வைத்துப் பின்வழியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மண்டபத்தின் பேரில் வாந்திபேதி என்ற வார்த்தை ஒட்டிக்கொண்டால் உரித்தெடுக்க முடியுமா? பிறகு ஒரு கைக்குழந்தை. பிறகு வரிசையாக. ஹாலில், கம்பளம் விரிக்கிற இடத்தில், அரிசி கழுவின தண்ணீர் மாதிரி. பினாயிலைப் பாட்டில் பாட்டிலாக ஊற்றினேன். கிழவரும் போய்விட்டார், குழந்தையும் போய்விட்டது. அந்த நேரத்தில்தான் காத்தாயியின் மகளுக்கு வந்தது.

பவுனு என்று பெயர். அவளுக்கும் தையில் கல்யாணம் வைத்திருந்தார்கள், கோயிலில். எடுத்து வைத்த புடவையெல்லாம் தகரப் பெட்டியோடு வெள்ளத்தில் போய்விட்டது. வந்த அன்றைக்கே பார்த்தேன், மணமகள் அறைக் கதவுக்கு எதிரில் நிற்கிறாள். "அங்க என்ன வேடிக்கை?" என்றேன். "எழுதியிருந்துது, படிச்சேங்க" என்றாள். கதவில் மணமகள் என்று பொன்னெழுத்தில் எழுதியிருக்கும், உங்களுக்குக் காட்டுகிறேன். படிக்கிறாளாம்.

காலையில் காத்தாயி என்னிடம் வந்தாள். அன்றைக்கு நாக்கு நீளவில்லை.

"ஐயா, ஒரு சாவி குடுங்க. அவளால எந்திரிக்க முடியலை. பின்னால தண்ணியில எறக்குனா அங்கயே வுழுந்துடுவா. கக்கூசு உள்ள ரூம் ஒண்ணு தெறந்து வுடுங்க."

"அதெல்லாம் கல்யாணப் பொண்ணு உட்கார்ற ரூம்."

"அவளும் கல்யாணப் பொண்ணுதாங்க."

"தையில அங்க ஒருத்தி மஞ்சள் குங்குமத்தோட உட்காரணும். நீ கேக்கறது உனக்கே நல்லாருக்கா?"

என் இடுப்புச் சாவிக்கொத்தைப் பார்த்தாள். பிறகு, "பூட்டிப் பூட்டி வைங்க ஐயா. போவும்போது பூட்டா கூட வரப்போவுது?" என்று சொல்லிவிட்டுப் போனாள். பாருங்கள், சாபம் விடுகிற மாதிரி.

நான் குளிக்கப் போனேன். இரண்டு வேளையும் தலைக்குக் குளிப்பேன், அந்த நாற்றத்துக்கு மூன்று வேளை. குளிக்கும்போது சாவிக்கொத்தைச் சுவரில் ஆணியில் மாட்டுவேன். திரும்பி வந்து பார்த்தால் ஆணி மட்டும் இருக்கிறது.

மணமகள் அறைக் கதவு திறந்திருந்தது. புது மெத்தை, வெள்ளை விரிப்பு, அதன் மேல் பவுனு. கண் குழிந்து, கன்னம் ஒட்டி, கை விரல் எல்லாம் ஊறின மாதிரி சுருங்கி, ஒரு நாளில் கிழவி ஆகிவிட்டிருந்தாள். கண்ணாடிக்கு மேல் பூச்சரம் மாட்ட ஒரு கொக்கி வைத்திருக்கிறோம். அதில் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டிருந்தார்கள். டாக்டரம்மா ஊசியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். காத்தாயி கால்மாட்டில். வேதவல்லி அந்தப் பெண்ணின் தலையைத் தன் மடியில் வைத்திருந்தாள். பட்டுப்புடவை கட்டின சம்பந்தியம்மாக்கள் உட்காருகிற சோபாவில் அழுக்கு மூட்டை.

எனக்கு வாய் திறந்தது. வேதவல்லி முந்திக்கொண்டாள். "கத்தாதீங்க. பொண்ணு தூங்குது."

முப்பத்தொரு வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. நான் அந்த வாசலைத் தாண்டவில்லை. தாண்ட முடியவில்லை, அப்படி ஒரு நெடி. சாவிக்கொத்தை அவள் தன் இடுப்பில் செருகியிருந்தாள். அன்றைக்கே மாடி அறைகளையும் திறந்துவிட்டாள். படுத்தவர்களையெல்லாம் மாடிக்கு ஏற்றினார்கள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். உள்ளே பார்க்கச் சகிக்கவில்லை.

அந்தப் பெண் பிழைத்தாள். அவளுக்கு டாக்டரம்மா வேனில் கொண்டுவந்த பாட்டில் தண்ணீர்தான், பாக்கெட் உப்புச் சர்க்கரையைக் கலந்து கரண்டி கரண்டியாகக் கொடுத்தார்கள். வேதவல்லிதான் பக்கத்திலேயே இருந்து கொடுத்தாள். பெற்றவளைப்போலச் செய்தாள். எங்களுக்குக் குழந்தை இல்லை, அது வேறு விஷயம்.

இரண்டாவது நாளோ என்னமோ, டாக்டரம்மா கண்ணாடிக் குழாயை எடுத்துக்கொண்டு நேராக மாடிக்குப் போய், தொட்டி வாயிலேயே தண்ணீர் பிடித்தார். சொட்டு விட்டார். மஞ்சளாகவில்லை. வெறும் தண்ணீராகவே நின்றது. இன்னொரு சொட்டு விட்டார். கீழே இறங்கி வந்தார். வேதவல்லியும் பின்னால் வந்தாள்.

"தில்லைநாயகம் சார், எட்டு மூட்டை இறக்கினோம். பவுடர் எங்க?"

"இதோ இருக்கே" என்று காட்டினேன். அன்றைக்குக் காலையில்தான் புதிதாகப் போட்டிருந்தேன். வளைவிலிருந்து படிவரைக்கும் இரண்டு பக்கமும் வெள்ளைவெளேரென்று இருந்தது.

டாக்டரம்மா அந்தக் கோட்டைப் பார்த்தார். வேதவல்லி கோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். தூக்கம் கெட்டவள், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே போய், டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த குழந்தைகள் கையிலிருந்து ஒவ்வொரு டம்ளராகப் பிடுங்கிக் கீழே கொட்டினாள்.

தொட்டியை இறைத்தார்கள். குழாயையெல்லாம் மூடினார்கள். பேப்பரில் வேறு போட்டுவிட்டார்கள், மண்டபம் என்று. நான் நிருபருக்குப் போன் செய்து, 'புயலால் பாதிக்கப்பட்டோர் முகாம்' என்று போட்டிருக்கலாமே, மண்டபம் என்று ஏன் போட வேண்டும் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

தண்ணீர்தான் காரணம் என்று டாக்டரம்மா எழுதிக்கொண்டு போனார். நான் ஒன்று கேட்கிறேன் சார், நீங்களே நியாயம் சொல்லுங்கள். அதே தொட்டித் தண்ணீரைத்தானே நானும் குடித்தேன்? எனக்கு என்ன ஆயிற்று? ஒரு வயிற்றுவலி உண்டா? எனக்கு மூச்சு இழுப்பு உண்டு, அதனால் எப்போதும் கொதிக்க வைத்த வெந்நீர்தான் குடிப்பேன். ஆனால் அதே கிணறு, அதே தொட்டிதானே? சுத்தமாக இருந்தேன், எனக்கு வரவில்லை. ஒருத்தரையும் தொடவில்லை, எனக்கு வரவில்லை. இதை டாக்டரம்மாவிடமே சொன்னேன். அவர் பையை எடுத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டார். பதில் இருந்தால்தானே சொல்வார்.

தொட்டவர்களுக்குத்தான் வந்தது. மடியில் போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் வந்தது.

அந்த மெத்தையைக் கொளுத்திவிட்டோம், நீங்கள் பயப்பட வேண்டாம். இப்போது இருப்பது புதுசு. அறைக்கு இரண்டு கோட் பெயின்ட் அடித்தாயிற்று. உங்கள் பெண் உட்காருகிற இடத்தில் அந்த வாடை துளி இருந்தால் என்னைக் கேளுங்கள். கிணறா? அதே கிணறுதான், இறைத்துத் தூர் எடுத்துவிட்டோம். ருசி மாறவில்லை. பவுடர் போடச் சொல்லி இப்போதும் ஆள் வருகிறான். போடுகிறேன், மூடிமேல்.

பவுனுக்குத் தையில் நடக்கவில்லை, வைகாசியில் நடந்ததாம். அதற்கு முன்னால், மார்கழியில், காத்தாயி இங்கே ஒரு தடவை வந்தாள். மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். வளைவுக்கு அந்தப் பக்கமே நின்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை. யாரால் வந்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள், மேளச் சத்தத்தில் காதில் விழவில்லை. அவளுக்குத்தான் நாக்கு நீளமாயிற்றே.

வாருங்கள், அறையைக் காட்டுகிறேன். சாவி இதோ, என்னிடம்தான் இருக்கிறது. வேதவல்லியை வேனில் ஏற்றும்போதும் இடுப்பிலேயே இறுக்கிச் செருகியிருந்தாள். நான்தான் கையை விட்டு எடுத்தேன். கை வைத்தபோது கண்ணைத் திறந்து பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவளுக்குச் சாவி எதற்கு?

அம்மா, காபியை அப்படியே வைத்துவிட்டீர்களே. ஆறிப்போயிற்று. வேறு கொண்டுவரச் சொல்லட்டுமா? வேண்டாமா? சார், நீங்களுமா?

வீட்டில் அம்மா இல்லையா என்று கேட்கிறீர்கள். இல்லை. மார்கழி இரண்டாம் தேதி காலையில் வேதவல்லி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, அதனால் மண்டபத்துக்கு நஷ்டமில்லை. தை ஒன்பதாம் தேதி இங்கே முதல் கல்யாணம் நடந்தது. எழுநூறு பேர் சாப்பிட்டார்கள். காபி நன்றாக இருந்தது என்றார்கள்.